டீச்சர் பதில்கள்: தெருவைப் பார்த்து வாசல் வைக்கக் கூடாது

சென்ற இதழில் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் திருச்சபைகளும் அரசுகளும் மாற்றுச் சமயத்தாரை நடத்திய விதம் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. இந்த வாரப் பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

கேள்வி: டீச்சர், பதினெட்டாம் நூற்றாண்டை அறிவொளிக் காலம் என்று படிக்கிறோம். நீங்களோ 1762-ல் ஒருவரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் எப்படி ஒரே காலத்தில் நடந்திருக்கும்?
(ஆறாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்)

பதில்: நடந்ததம்மா. அந்த மனிதரின் கதையை முழுதாகச் சொல்கிறேன், பிறகு நீயே முடிவுக்கு வா.

பெயர் ழான் கலாஸ். பிரான்சின் தெற்கே துலூஸ் நகரத்தில் துணி வியாபாரி. நம் இந்தியக் கரைகளிலிருந்து போய் ஐரோப்பாவையே மயக்கிய அச்சுப் பருத்தித் துணி வகைதான் அவர் கடைச் சரக்கு. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குடும்பம் புராட்டஸ்டண்ட். 1685-ல் பதினான்காம் லூயி மன்னன் அந்தச் சமயத்தைத் தடை செய்துவிட்டதால், வெளியில் கத்தோலிக்கர் மாதிரியும் வீட்டுக்குள் தங்கள் வழியிலும் வாழ்ந்த குடும்பம் அது.

மூத்த மகன் மார்க்-அந்துவான் சட்டம் படித்தவன். வழக்கறிஞராகப் பதிய வேண்டுமானால் ‘இவன் கத்தோலிக்கன்’ என்று பாதிரியார் சான்றிதழ் தர வேண்டும். அது கிடைக்கவில்லை. படித்த படிப்பு வீணாகி, அப்பாவின் கடையிலேயே முடங்கிக் கிடந்தான். 1761 அக்டோபர் 13 இரவு, சாப்பாடு முடிந்த பிறகு, கீழே கடைப்பகுதியில் அவன் இறந்து கிடந்தான். தூக்குப் போட்டுக்கொண்டான் என்று குடும்பத்தார் பிறகு சொன்னார்கள். முதலில் சொல்லவில்லை. தற்கொலை செய்துகொண்டவரின் உடலைத் தெருவில் தரதரவென்று இழுத்துப்போகும் சட்டம் இருந்தது. பிள்ளையின் உடலுக்கு அந்தக் கதி வேண்டாம் என்று, யாரோ கொன்றுவிட்டார்கள் என்றார்கள். அந்த ஒரு பொய் அவர்கள் தலையிலேயே விழுந்தது.

வாசலில் கூடிய கும்பலில் யாரோ ஒருவர், ‘பையன் கத்தோலிக்கனாக மாற இருந்தான், அதனால் அப்பனே கொன்றுவிட்டான்’ என்று கத்தினார். அவ்வளவுதான், விசாரணை அந்தத் திசையிலேயே ஓடியது. இறந்தவனை வேதசாட்சி போலக் கத்தோலிக்க மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அந்த வீட்டு வேலைக்காரி ஒரு கத்தோலிக்கப் பெண்மணி. ‘இவர்கள் குற்றமற்றவர்கள்’ என்று கடைசி வரை அந்த அம்மாள் சொன்னாள், யாரும் காதில் வாங்கவில்லை. 1762 மார்ச் 10-ல் கலாஸைச் சக்கரத்தில் கட்டிக் கொன்றார்கள். எவ்வளவு வதைத்தும் அவர் வாயிலிருந்து ஒப்புதல் வரவில்லை.

அப்புறம்தான் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் இந்த வழக்கைக் கையில் எடுத்தார். கலாஸின் இன்னொரு மகனை நேரில் வரவழைத்து விசாரித்தார், பெரிய மனிதர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார், 1763-ல் சமயப் பொறையைப் பற்றி, அதாவது மாற்றுச் சமயத்தைச் சகித்துக்கொள்வதைப் பற்றி, தனி நூலே வெளியிட்டார். 1765 மார்ச் 9-ல் பாரிசில் தீர்ப்பு மாற்றி எழுதப்பட்டது. கலாஸ் நிரபராதி.

அத்தோடு நாடு திருந்திவிட்டதா? அடுத்த ஆண்டே, 1766 ஜூலையில், அபவில் என்ற ஊரில் லா பார் என்ற இளைஞனின் தலையை வெட்டினார்கள். சமய ஊர்வலம் போகும்போது தொப்பியைக் கழற்றவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவன் உடலோடு வால்டேரின் நூல் ஒன்றையும் சேர்த்து எரித்தார்கள். ஆக, தேர்வில் இரண்டையும் சேர்த்தே எழுது. கலாஸுக்குத் தண்டனை விதித்த நீதிபதிகளும் படித்தவர்கள்தான். ஊரே ஒன்று சொல்லும்போது ‘ஆதாரம் எங்கே’ என்று கேட்ட சிலரால்தான் அந்தக் காலத்துக்கு அந்தப் பெயர் வந்தது.

கேள்வி: விரட்டப்பட்டவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த ராஜாக்களும் இருந்தார்கள் என்று எழுதினீர்கள். அது தர்ம சிந்தனையா, ஆதாயமா?
(ஓய்வு பெற்ற தோட்ட மண்டோர், கோலகங்சார்)

பதில்: இரண்டும் ஐயா, ஆனால் ஆதாயம் கொஞ்சம் முன்னால் நின்றது. 1731 அக்டோபர் கடைசியில் ஆஸ்திரியப் பக்கத்துச் சால்ஸ்பர்க்கை ஆண்ட பேராயர் ஃபிர்மியான் தம் மலைநாட்டுப் புராட்டஸ்டண்டுகளை வெளியேறச் சொன்னார். நிலமில்லாத கூலிகளுக்கு எட்டே நாள் தவணை, குளிர்காலம் தொடங்கும் நேரம். ஏறத்தாழ 20,000 பேர் ஊரை விட்டார்கள். வட ஜெர்மனியில் இருந்த பிரஷ்ய நாட்டு மன்னர் முதலாம் ஃபிரடெரிக் வில்லியம் அவர்களில் பெரும்பாலோரை ஏற்றுக்கொண்டு கிழக்குப் பிரஷ்யாவுக்கு அனுப்பினார். அங்கே 1709 முதல் 1711 வரை வந்த கொள்ளைநோயில் ஊர் ஊராகக் காலியாகிக் கிடந்தது, உழ ஆளில்லை. ஆள் கட்டித் தோட்டத்துக்குக் கொண்டுவந்த கதையைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனாலும் போன இடத்தில் நிலம் கிடைத்தது, பயமில்லாமல் ஜெபிக்க முடிந்தது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

அவர் மகன் இரண்டாம் ஃபிரடெரிக் 1740-ல் அரியணை ஏறிய கையோடு, அவரவர் தம் வழியில் மோட்சம் தேடிக்கொள்ளட்டும் என்று எழுதினார். பெர்லினில் கத்தோலிக்கருக்குப் பெரிய ஆலயம் எழும்பவும் இடம் கொடுத்தார். அதே மன்னர்தான் 1750-ல் யூதர்களைத் தரம் பிரித்து, யார் தங்கலாம், யாருடைய எத்தனை பிள்ளை தங்கலாம் என்று சட்டம் போட்டார். மோசஸ் மெண்டல்சோன் என்ற மாபெரும் தத்துவஞானி ஒரு பட்டு முதலாளியிடம் வேலை பார்த்துத்தான் அந்த நகரத்தில் காலம் தள்ளினார். 1763-ல் அவருக்குத் தங்கும் உரிமை கொடுத்தார்கள். அதுவும் அவரோடு சரி, பிள்ளைகளுக்கு இல்லை.

கேள்வி: எங்கள் முன்னோர் தரங்கம்பாடிப் பக்கமிருந்து வந்த லுத்தரன் கிறிஸ்தவர்கள். தரங்கம்பாடிக்குச் சமயப் போதகராகச் சீகன்பால்க் ஐயரை அனுப்பிய ஜெர்மனியின் ஹாலே நகரத்தார் பிற சமயத்தாரை எப்படிப் பார்த்தார்கள்?
(சபை மூப்பர், ஈப்போ)

பதில்: நல்ல கேள்வி, பதில் கொஞ்சம் கசக்கும். ஹாலேயில் பெரிய அனாதை இல்லமும் பள்ளிகளும் நடத்திய ஃபிராங்கே ஒரு காலத்தில் தாமே துரத்தப்பட்டவர். ‘இவர்கள் அளவுக்கு மீறிப் பக்தி பேசுகிறார்கள்’ என்று லைப்சிக்கிலும் எர்ஃபுர்ட்டிலும் அவரை இருக்கவிடவில்லை. அப்படிப்பட்டவர் ஹாலேயில் செல்வாக்கு பெற்ற பிறகு என்ன நடந்தது? 1721-ல் அங்கிருந்த பேராசிரியர் கிறிஸ்டியான் வோல்ஃப், கன்பூசியஸ் வழிவந்த சீனர்கள் கிறிஸ்துவை அறியாமலேயே அறிவைக் கொண்டு நல்லொழுக்கத்தை அடைந்தார்கள் என்று உரையாற்றினார். ஃபிராங்கேயின் கூட்டத்தார் விடவில்லை, விஷயம் மன்னர் வரை போனது. 1723-ல் உத்தரவு வந்தது: 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டுப் போ, இல்லையென்றால் தூக்கு. வோல்ஃப் மார்பர்க் போய்ச் சேர்ந்தார். புதிய மன்னர் வந்து 1740-ல்தான் திரும்ப முடிந்தது.

சீகன்பால்கின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கியவரை, அன்று அந்த ஊரை ஆண்ட, கிறிஸ்தவர்களான டேனிஷ் அதிகாரிகளே சில மாதம் சிறையில் வைத்தார்கள். தமிழர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு நம் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-ல் எழுதி அனுப்பிய நூலை, ஹாலே அச்சிட மறுத்தது. அஞ்ஞானத்தை அழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் வாதம். அந்த நூல் 1867-ல் சென்னையில்தான் அச்சேறியது. மதம் மாற்றத்தான் அவர் வந்தார், மறுக்கவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்தவன் என்ன நம்புகிறான் என்று பொறுமையாகக் கேட்டு, கேட்டதை எழுதி வைத்தாரே, அதற்காக அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. உங்கள் சபைப் பிள்ளைகள் வோல்ஃபின் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கேள்வி: அன்றைய ஐரோப்பாவில் இந்துக்கள் யாராவது இருந்தார்களா?
(இல்லத்தரசி, தெலுக் இந்தான்)

பதில்: இருந்தார்கள். ரஷ்யாவில் வோல்கா நதி காஸ்பியன் கடலில் சேரும் இடத்தில் அஸ்த்ரகான் நகரம். பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே முல்தான் பக்கத்து வணிகர்கள் அங்கே தங்களுக்கென்று ஒரு வளாகத்தில் தங்கி வியாபாரமும் பூஜையும் செய்து வந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே போன பல்லாஸ் என்ற அறிஞர் அந்த வழிபாட்டைப் பற்றி எழுதியும் வைத்திருக்கிறார். ரஷ்ய அரசி இரண்டாம் கேத்தரின் 1773-ல் எல்லாச் சமயத்துக்கும் இடம் உண்டு என்று ஆணையிட்டார். கசான் நகரத்து முஸ்லிம்கள் கல்லால் பள்ளிவாசல் கட்டவும் அவர் காலத்தில்தான் அனுமதி கிடைத்தது.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு நிலப்பட்டா இல்லை. தாத்தா காலத்தில் துரை வாய்மொழியாகக் கட்டச் சொன்னதுதான். அந்தக் கால ஐரோப்பாவில் சிறுபான்மையினர் ஆலயம் கட்ட என்ன விதி இருந்தது?
(கோயில் நிர்வாகக் குழுச் செயலாளர், செம்பனைத் தோட்டம், பேராக்)

பதில்: ஆஸ்திரியாவில் இரண்டாம் ஜோசப் பேரரசர் 1781-ல் வெளியிட்ட பொறை ஆணையைப் பாருங்கள். அவருடைய அம்மா மரியா தெரசா புராட்டஸ்டண்டுகளைக் கும்பல் கும்பலாகத் திரான்சில்வேனியாவுக்கு நாடு கடத்தியவர். அதைப் பார்த்து வளர்ந்த மகன் இந்த ஆணையைக் கொடுத்தது பெரிய காரியம். லுத்தரன்கள், கால்வின் வழியினர், கிரேக்க மரபுவழித் திருச்சபையினர் ஆகிய மூன்று பிரிவினரும் இனி தங்கள் வழியில் வழிபடலாம். 100 குடும்பம் சேர்ந்தால் ஜெப வீடும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொள்ளலாம்.

அடுத்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. கட்டுவது ஜெப வீடாக இருக்கலாம், ஆலயமாகத் தெரியக் கூடாது. கோபுரம் கூடாது. மணி கூடாது. தெருவைப் பார்த்து வாசல் வைக்கக் கூடாது. திருமணம், அடக்கம் போன்ற சடங்குகளுக்கான கட்டணம் மட்டும் வழக்கம்போலக் கத்தோலிக்கப் பாதிரியாருக்குப் போக வேண்டும். பட்டியலில் இல்லாதவர்கள் நிலைமை? இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹிமியாவில் சில குடியானவர்கள், கடவுள் உண்டு, ஆனால் எந்தச் சபையையும் சேர்ந்தவர்கள் அல்ல நாங்கள் என்றார்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு 24 தடியடி என்று உத்தரவு போட்டவரும் இதே பேரரசர்தான்.

ஆம்ஸ்டர்டாமில் இன்னொரு விதம். அங்கே கத்தோலிக்க வழிபாட்டுக்குச் சட்டப்படி தடை, ஆனால் அதிகாரிகள் கண்டுகொள்ள மாட்டார்கள், அதற்குக் கையில் காசு கொடுக்க வேண்டும். கால்வாய் ஓரத்தில் வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வணிகர் வீடு. படியேறி மேல்மாடிக்குப் போனால் பீடமும் இருபுறமும் மாடங்களுமாக முழு ஆலயம். 1663-ல் கட்டிய அப்படி ஒன்று இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்க அங்கே பூசை நடந்தது.

நம் தோட்டங்களில் தெருவைப் பார்த்து வாசல் வைக்க யாரும் தடை சொன்னதில்லை. சாயங்காலம் மணி அடித்தால் லயம் முழுக்கக் கேட்கும். தகரக் கூரையும் சிமெண்டுத் திண்ணையுமாக இருந்த கோயில்கள் பிறகு கோபுரமும் எழுப்பின. கோபுரத்தின் கீழே இருந்த மண் மட்டும் கம்பெனி மண். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, துரை போய் வேறு நிர்வாகம் வந்தது, தோட்டமே கைமாறியது. துரை சொன்ன வார்த்தையைப் புது முதலாளியிடம் எப்படிக் காட்டுவது? ஜோசப் கொடுத்ததும் துரை கொடுத்ததும் ஒரே வகைதான், அனுமதி. கொடுத்தவர் இருக்கும் வரைக்கும், அவர் மனம் மாறாத வரைக்கும். உரிமை அப்படியில்லை, அது எழுத்தில் நிற்கும், ஆள் மாறினாலும் நிற்கும். ஆகவே செயலாளரே, திருவிழாக் கணக்கை எழுதுவது போலவே கோயிலின் வரலாற்றையும் எழுதி வையுங்கள். பழைய ரசீது, கும்பாபிஷேகப் பத்திரிகை, பழைய தோட்ட அலுவலகக் கடிதம், எது இருந்தாலும் நகல் எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். நிலம் பற்றிக் கேட்க வேண்டியதைத் தோட்டம் கைமாறும் முன்பே ஒரு வழக்கறிஞரோடு போய்க் கேளுங்கள். பிறகு கேட்டால் கெஞ்சலாகிவிடும்.

கேள்வி: என் அப்பாவும் அம்மாவும் 1984-ல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இன்றுவரை பதியவில்லை. ‘அம்மன் சாட்சி போதாதா, அரசாங்கக் கடுதாசி எதற்கு’ என்கிறார் அப்பா. ஐரோப்பாவில் பாதிரியாரே பதிந்து வைத்தார் என்று எழுதினீர்கள். திருமணத்தைச் சமயத்திடமே விட்டிருக்கலாமே டீச்சர்?
(ஒரு மகள், சுங்கை சிப்புட் அருகே)

பதில்: பாதிரியாரிடமே விட்டதால் பிரான்சில் என்ன ஆனது என்று சொல்கிறேன், அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அங்கே பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் எழுதும் ஏடு கத்தோலிக்கப் பாதிரியாரின் கையில் இருந்தது. 1685-க்குப் பிறகு புராட்டஸ்டண்டுக்கு அந்த ஏட்டில் இடமில்லை. கத்தோலிக்கராக நடித்து அங்கே போய்த் தாலி… இல்லை, மோதிரம் மாற்றிக்கொள்ளலாம். மனம் ஒப்பாதவர்கள் இரவில் மலையிடுக்கிலும் காட்டிலும் கூடுவார்கள். பிரித்து மூட்டை கட்டித் தூக்கிப்போகக்கூடிய பிரசங்க மேடை கூட வைத்திருந்தார்கள். அங்கே போதகர் முன் கல்யாணம் நடக்கும். பிடிபட்டால் போதகருக்குத் தூக்கு, ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை, பெண்களுக்குச் சிறை. மாரி துராண் என்ற பெண்ணை 1730-ல், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், ஏக்-மோர்த் என்ற ஊரில் கடலோரச் சதுப்பு நிலத்துக் கோபுரச் சிறையில் போட்டார்கள். அவளுடைய அண்ணன் போதகர் என்பதுதான் காரணம். சமயத்தை விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். சொல்லவில்லை. 1768-ல் வெளியே வந்தபோது 38 ஆண்டுகள் ஓடியிருந்தன.

காட்டில் நடந்த கல்யாணம் கடவுள் முன் முழுமையானதுதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. சட்டத்தின் முன் அது ஒன்றுமேயில்லை. மனைவி மனைவியில்லை, பிள்ளை முறையான பிள்ளையில்லை. அப்பா கண்ணை மூடியதும் பங்காளி ஒருவன் வந்து ‘சொத்து எனக்கு’ என்று வழக்குப் போட வழியிருந்தது. இங்கிலாந்தும் இதில் சளைத்ததில்லை. 1753-ல் வந்த திருமணச் சட்டப்படி குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர எல்லாரும் அரசுத் திருச்சபை ஆலயத்தில்தான் மணம் முடிக்க வேண்டும். கத்தோலிக்கருக்கும் அதே விதிதான். 1836-ல்தான் அது மாறியது.

பிரான்சில் 1787 நவம்பரில் பதினாறாம் லூயி ஓர் ஆணை பிறப்பித்தார். அதில் வழிபாட்டு உரிமை இல்லை, ஆலயம் இல்லை. கத்தோலிக்கர் அல்லாதவரும் நீதிபதி முன் போய்த் தம் பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் பதியலாம், அவ்வளவுதான். அதற்குப் பாடுபட்டவர்களில் ஒருவர் ரபோ சேந்த்-எத்தியென், பல்லாண்டு மறைந்து வாழ்ந்து ஊழியம் செய்த ஒரு போதகரின் மகன். 1789 ஆகஸ்டில் தேசிய சபையில் எழுந்து, நான் கேட்பது பொறை அல்ல, சுதந்திரம் என்று பேசியவரும் அவர்தான். அந்த மாதமே வெளியான மனித உரிமைப் பிரகடனத்தின் பத்தாம் பிரிவு, சமயக் கருத்துக்காக யாரையும் தொல்லைப்படுத்தக் கூடாது என்றது.

நம் நாட்டுக்கு வருவோம். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நம் வழக்கப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. உங்கள் பெற்றோரின் கல்யாணம் அதற்குப் பின்னால் வருகிறது, சிக்கல் அங்கேதான். தோட்டங்களில் இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தாலி ஏறியது, விருந்து முடிந்தது, மறுநாள் பால்வெட்டுக்குப் போனார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், கணவர் இறந்த பிறகு அவருடைய சேமிப்பு விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனார், நான் துணைக்குப் போயிருந்தேன். ‘மனைவி என்பதற்குப் பத்திரம்’ என்றார் முகப்பில் இருந்த பெண். அம்மாள் பையிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பிரித்தார். வாழைமரம் கட்டிய பந்தல், மாலையோடு இருவர், பின்னால் தோட்டத்துச் சனம். அந்தப் பெண் படத்தைப் பார்த்தார், ஆல்பத்தை மெதுவாக மூடி இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, மறுபடியும் பத்திரத்தைக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்த பிறகு, பதிவு வேண்டாம் என்று யார் சொன்னாலும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

பிரான்சில் அந்த ஆணை வந்ததும் நீதிபதிகளின் வாசலில் கூட்டம் கூடியது. கிழவர்கள் தங்கள் கல்யாணத்தோடு பிள்ளைகள் கல்யாணத்தையும் பேரப்பிள்ளைகள் கல்யாணத்தையும் சேர்த்துப் பதிந்தார்கள். காட்டில் செய்த கல்யாணத்தை அவர்கள் யாரும் தாழ்வாக நினைக்கவில்லை. உங்கள் அப்பாவும் அம்மனைக் குறைத்துப் பேசியதாக ஆகாது. இப்போதும் பதியலாம். இருவரின் அடையாளக் கார்டையும் எடுத்துக்கொண்டு பதிவிலாகாவுக்குப் போய் என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர்களைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். பாரம் நிரப்ப ஆள் வேண்டுமானால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள், நானே வந்து நிரப்பித் தருகிறேன்.